ஒரு பனீர் கூடத்தின் கழிவுநீர்: தாங்கலில் செத்த மீன், கொல்லையில் இறுகிய மண்

சென்னையின் வடக்கு விளிம்பில், செங்குன்றத்தைத் தாண்டினால் இன்னும் சில தாங்கல்கள், அதாவது சிறு ஏரிகள், மிச்சம் இருக்கின்றன. மழைக்காலத்தில் நிரம்பி, கலங்கல் என்ற உபரிநீர்ப் போக்கு வழியாக வழியும். கோடையில் ஓர் ஏக்கர் அளவுக்குச் சுருங்கிவிடும். அப்படிப்பட்ட ஒரு தாங்கலில், சித்திரை பிறந்த வாரத்தில், ஒரே இரவில் மீன்கள் செத்து மிதந்தன. அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே பக்கத்துக் கீரைக் கொல்லையில் விதை சரியாக முளைக்கவில்லை. மீனுக்கும் கீரைக்கும் தொடர்பு இருக்கும் என்று முதலில் யாருக்கும் தோன்றவில்லை. இரண்டும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான்: மேட்டுப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன பனீர் தயாரிப்புக் கூடம்.

கழிவுநீர்ப் பரிசோதனை என் தொழில் என்பதால், தாங்கலை மீன்பாசிக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் இங்கே தரவில்லை. கூடத்தின் உரிமையாளர் எதையும் மறைக்காமல் கணக்கைக் காட்டினார், பிறகு மாற்றங்களும் செய்தார். இதே மாதிரிக் கூடங்கள் மாதவரம், அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கமெல்லாம் இருக்கலாம். அவற்றை நடத்துகிறவர்களும் அவற்றுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உரிமையாளர் என்னிடம் முதலில் கேட்டது இதுதான்: "இது பால் தண்ணி சார். குழந்தைக்குக் கொடுக்கிற பொருள். இதுல எப்படி சார் மீன் சாகும்?" அவர் உண்மையாகவே கேட்டார். தோல் பதனிடும் ஆலை, சாயப்பட்டறை என்றால் நமக்கு உடனே பயம் வருகிறது. பால், அரிசி, மாவு, மீன் என்றால் வருவதில்லை. சாப்பிடும் பொருளில் விஷம் இல்லைதான். ஆனால் நீர்நிலையில் உயிர்கள் சாவதற்கு விஷம் தேவையே இல்லை.

கூடத்திலிருந்து என்ன வெளியே போகிறது

அந்தக் கூடம் தினமும் ஏறக்குறைய 1,000 லிட்டர் பால் எடுக்கிறது. பாலைச் சூடாக்கி, சிட்ரிக் அமிலம் ஊற்றித் திரித்து, துணியில் கட்டி அழுத்தினால் பனீர். 1,000 லிட்டர் பாலில் பனீர் 150 முதல் 180 கிலோ வரை தேறும். மிச்சம் 800 லிட்டருக்குக் குறையாமல் வெளிர் பச்சை கலந்த மஞ்சள் நிறத் தண்ணீராகப் பிரியும். கூடத்தில் வேலை செய்கிறவர்கள் அதை 'பனீர் தண்ணி' என்கிறார்கள். பாலில் இருந்த சர்க்கரை, அதாவது லாக்டோஸ், பெரும்பாலும் அந்தத் தண்ணீரில்தான் தங்கும். நூற்றுக்கு 5 பங்கு வரை அதுதான். கூடவே கொஞ்சம் புரதம், கொஞ்சம் கொழுப்பு, தாது உப்புகள்.

கழிவுநீரின் பலத்தை பி.ஓ.டி. என்ற அளவில் சொல்வது வழக்கம். நுண்ணுயிர்கள் ஒரு லிட்டர் தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்று செரிக்க எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும் என்பதே அந்தக் கணக்கு. வீட்டுச் சாக்கடைக்கு இது சில நூறு இருக்கும். பனீர் தண்ணிக்கு 30,000 முதல் 50,000 வரை. பாலையே கொட்டினால் ஒரு லட்சத்தை ஒட்டி வரும். சுத்திகரித்த கழிவுநீரை ஏரி, ஆறு போன்ற நீர்நிலையில் விட வேண்டுமானால் 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் அனுமதிப்பது 30. நிலத்தில் பாசனத்துக்கு விட 100. பாதாளச் சாக்கடையில் விட 350. இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியபோது உரிமையாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பனீர் தண்ணியின் பி.ஓ.டி.யை லிட்டருக்கு 40 கிராம் (40,000 மில்லிகிராம்) என்று எடுத்துக்கொண்டால் 800 லிட்டருக்கு 32 கிலோ ஆக்சிஜன் தேவை. ஒரு மனிதரின் ஒரு நாள் கழிவுக்கு 45 கிராம் என்று வைத்தாலும் இது 700 பேருக்கு மேல் வருகிறது. ஐந்தாறு பேர் வேலை செய்யும் ஒரு ஷெட், ஒரு சிற்றூர் அளவுக்குச் சாக்கடை விடுகிறது என்று அர்த்தம்.

இன்னொரு பக்கம் தாங்கலைப் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் அதிகபட்சம் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்க முடியும். ஓர் ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அதில் இருக்கும் மொத்த ஆக்சிஜன் சுமார் 30 கிலோ. கோடையில் அந்தத் தாங்கல் கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஆக, கூடத்தின் ஒரு நாள் பனீர் தண்ணி முழுவதும் உள்ளே போனால், தாங்கலின் மொத்த இருப்புக்கும் சரியாகப் போய்விடும். நடைமுறையில் எல்லாம் ஒரே நாளில் செரிப்பதில்லை. காற்றிலிருந்தும் பாசியிலிருந்தும் ஆக்சிஜன் திரும்ப வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் மாதக்கணக்கில் தாங்கல் தாக்குப்பிடித்தது.

அந்த இரவு

கூடத்திலிருந்து வந்த தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி திறந்த வாய்க்கால் வழியாகத் தாங்கலுக்கு. இன்னொரு பகுதி கீரைக் கொல்லைக்கு. வாய்க்கால் தாங்கலில் சேரும் இடத்தில் கல்லின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி வழவழப்பான படலம் படிந்திருந்தது. கரிமக் கழிவு தொடர்ந்து வரும் இடத்தில் வளரும் இழைப் பாக்டீரியா அது. அடியில் இருந்த கறுப்புச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை. சேற்றுக்குள் சிவப்பு நிறத்தில் ரத்தப்புழுக்கள். அவற்றின் உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் மிகக் குறைந்த இடத்திலும் அவை வாழும். தட்டாம்பூச்சியின் இளம்பருவம், இறால் குஞ்சு போன்றவை அந்த முனையில் கண்ணில் படவே இல்லை. எதிர்க்கரையில் இருந்தன. நீரில் எந்த உயிர் இருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று பார்த்தாலே கழிவு எவ்வளவு காலமாக வருகிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஒரு பாட்டில் தண்ணீர் அந்த நொடியை மட்டும்தான் காட்டும்.

தாங்கல் பச்சைப் பசேலென்று இருந்தது. கழிவோடு வந்த பாஸ்பேட்டும் நைட்ரஜனும் பாசிக்கு உரம். பகலில் பாசி ஆக்சிஜன் விடும், இரவில் அதுவும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். அதனால் விடியலுக்குச் சற்று முன்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். சித்திரைத் திருநாளுக்காக அதிக ஆர்டர் வந்து, கூடத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பால் வாங்கி வைத்திருந்தார்கள். இரவு நீண்ட நேரம் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் ஓடவில்லை. கெட்டுப்போன பாலில் சுமார் 500 லிட்டரை வாய்க்காலில் திறந்துவிட்டார்கள். அது மட்டுமே 50 கிலோ ஆக்சிஜன் கேட்கும் சரக்கு. முந்தின நாள் வானமும் மூட்டமாக இருந்ததால் பாசி பகலில் சேர்த்து வைத்ததும் குறைவு. காற்றும் அசையவில்லை.

குத்தகைக்காரர் விடியலில் பார்த்தபோது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வெயில் ஏறும் முன் பெரிய கட்லாவும் ரோகுவும் மிதந்தன. அப்புறம் மிர்கால். ஜிலேபி மீன்களில் பாதிக்கு மேல் தப்பின. விரால் ஒன்றுகூடச் சாகவில்லை. நத்தைகள் தண்ணீரை விட்டு ஆகாயத்தாமரைத் தண்டில் ஏறி உட்கார்ந்திருந்தன.

எனக்குப் பாதி விடை இதிலேயே கிடைத்துவிட்டது. பூச்சிமருந்து போன்ற விஷம் கலந்தால் பொதுவாகச் சின்ன மீன்கள்தான் முதலில் சாகும். ஆக்சிஜன் தீர்ந்தால் பெரிய மீன்களுக்குத்தான் முதலில் மூச்சு முட்டும். விரால் மேலே வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் மீன். அதனால் தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் பிழைக்கும். விஷம் என்றால் விராலும் செத்திருக்கும். ஊரில் யாரோ பகையில் மருந்து கலந்துவிட்டார்கள் என்று அதற்குள் பேச்சு கிளம்பி, பக்கத்துத் தெரு இளைஞர் ஒருவர்மீது சந்தேகமும் விழுந்திருந்தது. விரால் உயிரோடு இருந்ததைக் காட்டித்தான் அந்தப் பேச்சை நிறுத்த முடிந்தது.

மாதிரி எடுக்கும் நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்படிப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன. காலை பதினொரு மணிக்கு வந்து தாங்கலில் மீட்டரைப் போட்டால் பாசி வேலை செய்துகொண்டிருக்கும், ஆக்சிஜன் நன்றாகவே காட்டும். "தண்ணீர் நல்லாத்தானே இருக்கு" என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். அதனால் நாங்கள் அடுத்த நாள் விடியலுக்கு முன் எடுத்தோம். வாய்க்கால் முனை, நடுப்பகுதி, எதிர்க்கரை, கூடத்தின் குழாய் வாய் என்று தனித்தனியாக. ஆக்சிஜன் பார்க்கும் பாட்டிலில் காற்றுக்குமிழி புகாமல் நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் அங்கேயே ஊற்றி ஆக்சிஜனை நிலைப்படுத்திவிட வேண்டும். பி.ஓ.டி. மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். நம் நாட்டு முறைப்படி 27 டிகிரியில் 3 நாள் வைத்த பிறகுதான் முடிவு வரும். வெயிலில் பைக் பெட்டியில் வைத்துக் கொண்டுபோன மாதிரி, போய்ச் சேரும் முன்பே பாதி செரித்திருக்கும்.

கீரைக் கொல்லை

மீன் சாவு ஊரையே கூட்டியது. எனக்கு அதைவிடக் கவலையாகப் பட்டது கொல்லை. தாங்கல் அடுத்த வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி வழிந்து பாதி குணமாகிவிடும். மண்ணுக்கு அந்த வசதி இல்லை.

40 சென்ட் நிலம். அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை போட்டு விடியற்காலையில் மாதவரம் பக்கம் கொண்டுபோய் விற்கும் ஓர் அம்மா அதைப் பார்த்துக்கொள்கிறார். போன கோடையில் கிணறு வற்றியபோது அவரேதான் கூடத்தில் கேட்டு இந்தத் தண்ணீரை வாங்கியிருக்கிறார். "பால் சத்து இருக்குதே தம்பி, உரமாட்டம் இருக்கும்னு நெனச்சேன்" என்றார். அவர் நினைத்ததில் தப்பே இல்லை. பனீர் தண்ணியில் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாம் இருக்கின்றன. அளவாக, நிறையத் தண்ணீர் கலந்து, இடைவெளி விட்டுப் பாய்ச்சினால் பயிருக்கு நல்லதுதான். முதல் இரண்டு அறுவடையில் கீரை கறுகறுவென்று வந்திருக்கிறது.

அப்புறம் இலை வெளுக்கத் தொடங்கியது. தண்ணீரில் நைட்ரஜன் கொஞ்சம், சர்க்கரை ஏராளம். சர்க்கரையைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பைக் கட்ட நைட்ரஜனை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். பயிருக்கு மிச்சம் இருக்காது. கூடவே அவை மண்ணில் உள்ள காற்றையும் தீர்த்துவிடும். காற்று இல்லாத மண்ணில் சர்க்கரை புளித்து அசிட்டிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாறும். கொல்லையில் அடித்த புளிச்ச வாடை அதுதான். இளவேர் கருகும், நாற்று சாயும். பால் கொழுப்பு மேல் மண்ணின் துளைகளை அடைத்துத் தண்ணீர் இறங்குவதைக் குறைக்கும். மண்புழுக்கள் வரப்புப் பக்கம் ஒதுங்கிவிட்டன.

இவ்வளவும் தண்ணீரை நிறுத்தினால் சில வாரங்களில் சரியாகக்கூடியவை. மண்ணும் உயிருள்ளது, சர்க்கரையைச் செரித்துவிடும். செரிக்க முடியாதது ஒன்று கூடவே வந்தது: சோடியம்.

பால் பாத்திரமும் குழாயும் கழுவ எல்லாக் கூடத்திலும் காஸ்டிக் சோடா போடுகிறார்கள். பெரிய பால் பண்ணைகளில் ஒன்று முதல் ஒன்றரை சதவீதக் கரைசல் என்று அளந்து, சூடாக்கி, சுழற்சியில் விடுவார்கள். இங்கே கைப்பிடி அளவுதான். மாதம் வாங்கும் மூட்டைக் கணக்கைப் பார்த்தால் தினம் 2 கிலோ. ஒரு கிலோ காஸ்டிக்கில் 575 கிராம் சோடியம். ஆக மாதத்துக்குச் சுமார் 34 கிலோ சோடியம். சாப்பாட்டு உப்பாகச் சொன்னால் 85 கிலோவுக்கு மேல். அதில் ஒரு பங்கு மாதாமாதம் கொல்லைக்குப் போயிருக்கிறது.

களிமண் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாக நிற்பதற்குக் கால்சியம் உதவுகிறது. சோடியம் அதிகமாகிக் கால்சியத்தின் இடத்தைப் பிடித்தால் துகள்கள் பிரிந்து கலங்கும். கலங்கிய களி துளைகளை அடைக்கும். ஈரமாக இருக்கும்போது குழைவு, காய்ந்தால் ஓடு போன்ற இறுக்கம். கீரை விதை மிகச் சின்னது. அந்த ஓட்டைப் பிளந்து வெளியே வர அதற்கு வலு கிடையாது. அந்த அம்மா விதை விற்ற கடைக்காரரோடு சண்டை போட்டிருக்கிறார், பாவம். விதையில் குறை இல்லை.

இதை ஆய்வகம் இல்லாமலே பார்க்க ஒரு வழி உண்டு. கொல்லையிலிருந்து காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்து, மழைநீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரில் மெதுவாகப் போட்டு, ஆட்டாமல் வைத்துவிடுங்கள். கட்டி உடைந்து விழுந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் கவலை இல்லை. கட்டியைச் சுற்றிப் பால் மாதிரிக் கலங்கல் பரவினால் சோடியம் ஏறியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். அந்த அம்மாவின் முன்னாலேயே இரண்டு டம்ளர் வைத்தோம். தண்ணீர் பாயாத வரப்பு மண் தெளிவாக நின்றது. கொல்லை மண் கலங்கியது. பிறகு மண் பரிசோதனையிலும் சோடியம் கூடியிருப்பதும் பி.எச்., அதாவது காரத்தன்மை, ஏறியிருப்பதும் உறுதியானது.

என்ன செய்தோம்

கூடத்தில் உணவுப் பாதுகாப்பு உரிமம் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தது. 1974-ஆம் ஆண்டு தண்ணீர் சட்டப்படி மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் வாங்க வேண்டிய இசைவாணை இல்லை. சின்னக் கூடத்துக்கு அது தேவையில்லை என்று யாரோ சொன்னதாக உரிமையாளர் சொன்னார். கழிவின் பலம் கூடத்தின் பரப்பைப் பார்த்து வருவதில்லை என்பதை மேலே உள்ள கணக்கே சொல்லும். விண்ணப்பம் இப்போது போட்டிருக்கிறார்.

சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதுதான் முதல் வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது கடைசி வேலை. பனீர் தண்ணியைக் கழுவும் தண்ணீரோடு கலக்கவிடாமல் தனியாகப் பிடிப்பதே முதல் வேலை. இரண்டும் கலந்துவிட்டால் பலமான கழிவு பெரிய அளவில் பரவிவிடும், யாருக்கும் பயன்படாது. தனியாக இருந்தால் அது சரக்கு. அழுத்தும் மேடைக்குக் கீழே தனிக் குழாய் போட்டு, மூடியுள்ள டிரம்மில் பிடிக்கச் சொன்னோம். அக்கம்பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் காலையும் மாலையும் எடுத்துப் போகிறார்கள். அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும், காஸ்டிக் ஒரு சொட்டும் கலக்கக் கூடாது, மாட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும். திடீரென்று நிறைய வைத்தால் வயிறு புளித்து உப்பிவிடும். புளித்த பனீர் தண்ணியில் ஒரு பகுதியை மறுநாள் பாலைத் திரிக்கவே பயன்படுத்தலாம். சிட்ரிக் அமிலச் செலவு குறையும்.

மிச்சத்துக்குச் சாண எரிவாயுக் கலன். கணக்குப்படி 800 லிட்டரும் கலனுக்குப் போனால் தினம் 13 கன மீட்டர் மீத்தேன் வரை எதிர்பார்க்கலாம். சுமார் 10 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். வணிக சிலிண்டர் ஒன்று 19 கிலோ என்பதால், பாலைச் சூடாக்கும் செலவில் நல்ல பங்கு மிச்சமாகும். ஆனால் பனீர் தண்ணியை மட்டும் ஊற்றினால் கலன் புளித்து நின்றுவிடும். சாணம் சேர்த்து, மெதுவாக அளவைக் கூட்ட வேண்டும். இதைச் சொல்லாமல் கலனை விற்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

கழுவும் தண்ணீருக்கு, மிதக்கும் கொழுப்பைப் பிடித்து நிறுத்தும் எண்ணெய்ப் பொறியும், ஒரு நாள் தண்ணீர் தங்கும் சமன்தொட்டியும் வைத்தாகிவிட்டது. காஸ்டிக்கை அளந்து போடுவதாலும், ஒரு முறை கழுவிய கரைசலை மறுநாள் முதல் அலசலுக்கு வைத்துக்கொள்வதாலும் செலவு கணிசமாகக் குறைந்திருக்கிறது. நிலத்துக்குப் போகும் தண்ணீராக இருந்தால் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போடுவது நல்லது. விலை கூடுதல் என்பதால் உரிமையாளர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் கழுவும் தண்ணீர் கொல்லைக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டோம்.

தாங்கலின் கலங்கலைத் தாண்டியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. புழல் ஏரியின் உபரிக் கால்வாய் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் சேர்கிறது. அனல்மின் நிலையச் சாம்பலையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பரவிய எண்ணெயையும் தாங்கிய அதே கழிமுகம். மேலே இருக்கும் சின்னச் சின்ன வாய்க்கால்களின் ஆக்சிஜன் கடனும் கடைசியில் அங்கே இறால் பிடிப்பவர்களின் கணக்கில்தான் ஏறுகிறது.

குத்தகைக்காரருக்கு நஷ்ட ஈடாகக் குஞ்சு வாங்கும் செலவைத் தர உரிமையாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார். வளர்ந்த மீனின் விலையைத் தருவதுதான் நியாயம் என்பது என் கருத்து, பேச்சு நடக்கிறது. கீரைக்கார அம்மாவுக்கு இதுவரை யாரும் எதுவும் தரவில்லை. மிதக்கும் மீனைப் படம் எடுக்க முடிகிறது, இறுகிய மண்ணை எடுக்க முடிவதில்லை. அவருடைய இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு ஊராட்சியில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

கொல்லைக்கு ஜிப்சம் போட வேண்டும். அதில் உள்ள கால்சியம் சோடியத்தை வெளியே தள்ளும். ஆனால் தள்ளப்பட்ட சோடியம் கீழே இறங்கிப் போக நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டும். கோடையில் போட்டுப் பயனில்லை. ஆடியில் தக்கைப்பூண்டு விதைத்திருக்கிறார், அது உவர் தாங்கி வளரும். பூக்கும் முன் மடக்கி உழுது, மண் பரிசோதனை சொன்ன அளவுக்கு ஜிப்சம் தூவி, அக்டோபர் மழையைப் பிடித்துப் பாத்தி கட்டித் தேக்கி வடிப்பதாகத் திட்டம். தை மாதத்தில் அதே பாத்திகளில் 15 சென்டிமீட்டர், 30 சென்டிமீட்டர் ஆழங்களில் மறுபடி மண் எடுப்போம். அதுவரை கீரை வரப்போரத்து நான்கு சென்ட்டில் மட்டும்.